எண்ணெய் பூசிய பின்னும் சீவுளிகளில் கறள் ஏறுவது ஏன்?

கல்லடித் தச்சன் | பெப்ரவரி 2, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். கல்லடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஒடுங்கிய நிலத்தில், என் தகப்பனார் விட்டுச்சென்ற சிறிய மரவேலைப் பட்டறையை நடத்தி வருகிறேன். கறள் எனக்குப் புதிய விடயம் அல்ல. ஆனால் இந்த மாரியில் நடந்ததற்கு என்னால் விளக்கம் காண முடியவில்லை.

நவம்பர் கடைசியில் மழை வெள்ளம் பட்டறைக்குள் கணுக்கால் அளவுக்கு வந்தது. உயரத்தில் இருந்த ஆயுதங்களை வெள்ளம் தொடவில்லை. நான் குடும்பத்துடன் செங்கலடியில் சகோதரி வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், புறப்படுவதற்கு முன் தகப்பனாரின் மூன்று இரும்புச் சீவுளிகளையும், பதினாறு உளிகளையும், 12 அங்குல அகலம் சீவும் மெசினின் வார்ப்பிரும்புத் தட்டையும் துணியால் துடைத்து, தையல் மெசின் எண்ணெயைத் தாராளமாகப் பூசிவிட்டுப் போனேன். ஆறு வாரம் கழித்து வந்து பார்த்தால், எண்ணெய் காயாமல் பளபளவென்று அப்படியே இருக்கிறது, அதற்கு அடியில் கறள். தட்டின் நடுவில் என் உள்ளங்கையும் ஐந்து விரல்களும் செம்மஞ்சள் நிறத்தில் தெளிவாகப் பதிந்திருந்தன. எண்ணெய் பூசும்போது தட்டில் கையை ஊன்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எண்ணெயில் குறையா, நான் செய்த முறையில் குறையா? இருக்கும் கறளை இரும்புக்குச் சேதமில்லாமல் எடுப்பது எப்படி என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

அக்கரைப்பற்று மரவேலைத்தளம் | பெப்ரவரி 2, இரவு 10.15

தம்பி, தையல் மெசின் எண்ணெய் மிகவும் மெல்லியது, அது வீட்டுக்குள் வைத்த மெசினுக்கே போதாது. நாங்கள் இருபது வருடமாக வாகனத்தில் இருந்து இறக்கிய பழைய என்ஜின் ஒயிலைத்தான் பூசி வருகிறோம். மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் உரசி, கறளைக் கழற்றிவிட்டு, அந்த ஒயிலைத் தடிப்பாகப் பூசிச் சாக்கால் மூடிவிடுங்கள். செலவும் இல்லை, கராஜில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர் | பெப்ரவரி 3, காலை 6.05

இரண்டு பதிவுகளையும் வாசித்தேன். அக்கரைப்பற்றுக் காக்கா கோபிக்கக் கூடாது. அவர் சொன்ன இரண்டையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. ஓடித் தேய்ந்த என்ஜின் ஒயிலில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலங்களும் சிறிதளவு நீரும் கலந்தே இருக்கும், அதை இரும்பில் பூசிவைப்பது பகைவனைக் காவலுக்கு வைப்பது போன்றது. அதோடு சீவிய பலகையில் அந்தக் கறுப்பு ஒட்டினால் வார்னிஷ் பிடிக்காது. ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் சாக்கால் மூடுவது அதைவிடப் பெரிய தவறு.

தம்பியின் கேள்விக்கு விடை அவர் பதிவிலேயே இருக்கிறது. அந்தக் கைத்தடம்தான் விடை. கறள் பிடிக்க இரும்பும் நீரும் ஒட்சிசனும் போதும் என்று பாடசாலையில் படித்தோம், ஆனால் நம்முடைய கரையில் நான்காவதாக உப்பு இருக்கிறது. சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றில் உள்ள நீரை இழுத்துத் தானாகவே கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கோ 33 சதவீதம் அளவே போதும். மாரிகாலத்துக் காலையில் கல்லடியில் 75க்குக் கீழே இறங்கும் நாள் அபூர்வம். ஆகவே உப்புத் துகள் படிந்த இரும்பு, நம் கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும், உண்மையில் நனைந்தே இருக்கிறது. கொண்டல் காற்று கொண்டுவந்து போட்ட உப்பும், கை வியர்வையில் உள்ள உப்பும் இரும்பின்மேல் இருக்கும்போதே நீங்கள் எண்ணெயைப் பூசினால், உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். எண்ணெய்ப் படலம் நீராவியையும் ஒட்சிசனையும் முற்றாகத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். உப்போ உலர்ந்த துணியாலும் எண்ணெயாலும் போகாது. அது நீரில் மட்டுமே கரையும்.

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்முனைப் பக்கத்தில் மரவேலை செய்தவர்கள் சேற்றில் இருந்து பொறுக்கி எடுத்த ஆயுதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உடனே எண்ணெய் பூசிக் காப்பாற்ற முயன்றவர்களின் உளிகளில் சில மாதங்களில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்தன. கரையோரக் கிணறுகள் எல்லாம் கடல்நீர் புகுந்து உவர்த்துப் போயிருந்ததால், பவுசரில் வந்த குடிதண்ணீரில் ஒரு வாளியைக் கெஞ்சி வாங்கி ஆயுதங்களைக் கழுவியவர்களைப் பார்த்து அப்போது சிலர் சிரித்தார்கள். அந்த உளிகள் இன்றும் பாவனையில் இருக்கின்றன.

ஆகவே முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், பிறகு உலர்த்த வேண்டும், எண்ணெய் அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கு மாறினால் எவ்வளவு விலை உயர்ந்த எண்ணெயும் பயன் தராது.

கல்லடித் தச்சன் | பெப்ரவரி 3, மாலை 7.30

ஐயா, இரும்பைத் தண்ணீரில் கழுவுவதா என்று முதலில் திடுக்கிட்டேன். தகப்பனார் சீவுளிக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பைக்கூட வைக்க விடமாட்டார். ஆனால் கைத்தடத்துக்கு வேறு விளக்கம் எதுவும் பொருந்தவில்லை. எங்கள் கிணற்று நீர் சற்றுச் சவர்ப்பு, அதில் கழுவலாமா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர் | பெப்ரவரி 3, இரவு 8.10

கூடாது. உப்பை உப்பால் கழுவுவதாகிவிடும். பீலியில் விழும் மழைநீரை, முதல் அரை மணி நேர மழையைக் கூரை கழுவுவதற்கு விட்டுவிட்டு, அதன்பின் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் உன்னிச்சைக் குளத்தில் இருந்து வரும் குழாய்நீர் இருக்கிறது. கொதிக்கக் காய்ச்சிய நீராக இருந்தால் இரும்பும் சூடேறி, எடுத்த கையோடு தானே உலர்ந்துவிடும். குழி விழுந்த இடங்களில் ஒரு முறை கழுவினால் போதாது. கழுவி உலர்த்தி ஒரு நாள் வெறுமனே வைத்துப் பாருங்கள். குழிக்குள் இருந்து சிறிய செந்நிற மணி போல நீர்த்துளி கசிந்தால் உள்ளே இன்னும் குளோரைட்டு இருக்கிறது என்று பொருள். அது நிற்கும்வரை சுடுநீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும்.

வாழைச்சேனை மரக்காலை | பெப்ரவரி 4, மதியம் 1.20

கறள் எடுப்பதைப் பற்றிக் கேட்டிருப்பதால், எதைச் செய்யக் கூடாது என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன். குளியலறைத் தரை கழுவ விற்கும் ஐதரோகுளோரிக்கமிலம் கறளை இரண்டு நிமிடத்தில் தின்றுவிடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, கறள் பிடித்த மூன்று வாள் அலகுகளை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அதில் ஊறப்போட்டேன். கறள் போனது உண்மை. தொட்டியை மூடாமல், மரக்காலையின் உள்ளறையில், ஆயுத அலுமாரிக்கு ஐந்தடி தூரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதுதான் பிழை. மறுநாள் காலையில் அலுமாரியைத் திறந்தேன். ஒரு சொட்டு அமிலமும் படாத உளிகள், துளை அலகுகள், புதிதாக வாங்கிய நாடாவாள் அலகு, கதவின் பிணைச்சல்கள் எல்லாமே மஞ்சள் பூசியது போல நின்றன. ஆவியே அந்த வேலையைச் செய்திருக்கிறது. ஊறப்போட்ட வாள்களோ நன்றாகக் கழுவியும் ஒரு மணி நேரத்தில் மீண்டும் சிவந்தன, அவற்றில் ஒன்று அடுத்த கிழமை வேலை நடக்கும்போதே பல் ஒடிந்தது. போதனாசிரியர் ஐயா குளோரைட்டைப் பற்றி எழுதியதை வாசித்த பிறகுதான், நான் காசு கொடுத்து வாங்கி உப்பின் தம்பியைப் பட்டறைக்குள் விட்டிருக்கிறேன் என்று விளங்கியது.

ஆரையம்பதி குடைவுளி | பெப்ரவரி 4, இரவு 9.00

நான் மரச்சிற்பம் செதுக்குபவள், என்னிடம் இருப்பவை எல்லாம் சிறிய குடைவு உளிகள். கம்பி பிரஷ்ஷை அவற்றில் வைத்தால் வளைவின் வடிவமே கெட்டுவிடும் என்பதால், கேக் செய்யும் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சித்திரிக்கமிலத் தூளைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீருக்கு 50 கிராம், அதாவது 5 சதவீதம் அளவு. முதலில் தூள் சவுக்காரம் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை முழுதாகக் கழுவ வேண்டும், பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் படாது. மரப்பிடியைக் கழற்றிவிட்டு, கழற்ற முடியாவிட்டால் அலகு மட்டும் நனையும்படி தொங்கவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பழைய பற்தூரிகையால் தேய்த்துப் பார்ப்பேன். சாதாரணக் கறளுக்கு நாலு மணி நேரம் தாராளம். இரவு முழுவதும் விட்டுத் தூங்கிவிட்டால் கூரான விளிம்பையும் அமிலம் அரிக்கத் தொடங்கும். எனக்கு ஒரு வி வடிவ உளி அப்படிப் பாழானது.

எடுக்கும்போது அலகு மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். அடுத்த மூன்று நிமிடந்தான் முக்கியம். அப்பச்சோடா கரைத்த நீரில் முக்கி, நல்ல நீரில் அலசி, கொதிநீரில் ஒரு முறை தோய்த்து, உடனே துடைத்து, அடுப்பங்கரை வெப்பத்தில் காட்டி, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசிவிட வேண்டும். இடையில் தொலைபேசி வந்து பேசப் போனால், திரும்பி வரும்போது மெல்லிய மஞ்சள் புகைபோலப் புதுக் கறள் வந்திருக்கும்.

வினாகிரியும் வேலை செய்யும், ஆனால் ஒரு நாள் எடுக்கும், அறை முழுவதும் அச்சாறு மணக்கும். தேசிக்காயில் இருப்பதும் இதே சித்திரிக்கமிலந்தான், பழப்புளியில் இருப்பது தார்த்தாரிக்கமிலம். குத்துவிளக்கு மினுக்கும் அம்மாமார் இரசாயனம் தெரியாமலே சரியாகத்தான் செய்கிறார்கள். என்றாலும் ஆயுதத்துக்குப் பழப்புளியோடு உப்பைச் சேர்க்க வேண்டாம். அது பித்தளைக்குச் சொன்ன பக்குவம்.

சம்மாந்துறை வெல்டிங் | பெப்ரவரி 5, இரவு 7.45

அமிலமே வேண்டாம் என்பவர்களுக்கு மின்பகுப்பு இருக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் நீர், லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, பழைய வகை 12 வோல்ட் பற்றரி சார்ஜர். கறள் பிடித்த ஆயுதத்தை எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் கொழுவி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். நல்ல இரும்பு கரையாமல் கறள் மட்டும் கழன்று வரும். இரும்புத் துண்டை நோக்கிய பக்கந்தான் விரைவில் துப்புரவாகும் என்பதால் ஆயுதத்தை இடையிடையே திருப்ப வேண்டும்.

முனையை மாற்றிக் கொழுவினால் என்ன ஆகும் என்பதையும் நானே கண்டேன். வாப்பாவின் கைவாளைச் சிவப்பு வயரில் மாட்டி இரவு முழுவதும் விட்டேன். விடிந்தபோது பற்கள் இருந்த ஓரம் எலி கொறித்தது போல இருந்தது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாளை எடுத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தார், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஹிங்குராணைச் சீனி ஆலைப் பக்கம் மொலாசஸ் கிடைப்பவர்கள், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, இரண்டு கிழமை ஊறவிட்டும் எடுக்கலாம். நாற்றம் பொறுக்கக்கூடியவர்களுக்கு மட்டும்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர் | பெப்ரவரி 6, காலை 6.20

வெல்டிங் தம்பி எழுதியது சரியானது, இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் சேர்க்கிறேன். நேர்முனைக்குத் துருவேறா உருக்கு, அதாவது சில்வர் என்று நாம் சொல்லும் கரண்டி அல்லது தட்டு, ஒருபோதும் வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மையுள்ள சேர்வையாக நீரில் கலக்கும். சலவைச் சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்பைப் போட்டால் குளோரின் வாயு வெளிவரும். சரியாகச் செய்தாலும் ஐதரசன் வாயு வெளியாவதால் வேலையை வெளி விறாந்தையில் வையுங்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்க வேண்டாம், கிளிப்பைக் கழற்றுமுன் சுவிட்சை நிறுத்துங்கள்.

கல்லடித் தச்சன் | பெப்ரவரி 6, இரவு 9.10

சிறிய ஆயுதங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. மெசினின் தட்டை வாளிக்குள் இறக்க முடியாதே. அதைத் தவிர மோட்டாரின் அடிப்பாகத்தில் வெள்ளநீர் பட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

வாழைச்சேனை மரக்காலை | பெப்ரவரி 7, மதியம் 12.50

மோட்டாரைப் பற்றி முதலில். போட்டுப் பார்ப்போம் என்று சுவிட்சைத் தட்டிவிட வேண்டாம். மின்னைத் துண்டித்து, மூடியைத் திறந்து, சேறு இருந்தால் நல்ல நீரால் கழுவி, நாலைந்து நாள் நிழலில் காற்றோட்டமாக உலர்த்தி, மோட்டார் சுற்றுபவரிடம் காட்டி மின்காப்பைச் சோதித்த பிறகே இயக்குங்கள். பெயரிங் கையால் சுழற்றும்போது கரகரத்தால் மாற்றிவிடுவதே இலாபம்.

தட்டுக்கு அமிலம் தேவையில்லை. மண்ணெண்ணெய் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு, அகலமான சவர அலகைப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்டினால் மேற்கறள் மாவாக வந்துவிடும். பிறகு 400 இலக்க எமரித் தாளை ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெய் ஈரத்தோடு, தட்டின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் பள்ளமாகும், கைச் சாண்டர் மெசினை வைத்தால் பள்ளம் இன்னும் விரைவாக விழும், பிறகு அந்த மெசினில் எந்தப் பலகையும் நேராகச் சீவாது. கறுப்பாக ஒட்டியிருக்கும் கறையை விட்டுவிடுங்கள். அது செங்கறளைப் போல உதிர்ந்து பரவும் வகை அல்ல, தொட்டால் வழுவழுப்பாக இருந்தால் அதோடு வாழலாம்.

அதன் பிறகு நன்றாகப் பிழிந்த நல்ல நீர்த் துணியால் இரண்டு முறை துடைத்து, கூந்தல் உலர்த்தியால் சூடாக்கி, மெழுகு பூச வேண்டும். எண்ணெய் தூசைப் பிடித்துவைக்கும், மரத்தூளோ ஈரத்தைப் பிடித்துவைக்கும். பச்சைத் தேக்குப் பலகை ஒன்றைச் சனிக்கிழமை மாலை தட்டில் வைத்துவிட்டுப் போய்த் திங்கட்கிழமை தூக்கினேன். பலகையின் அகலம் நீளம் எல்லாம் அளந்து வரைந்தது போலக் கறையாகப் பதிந்திருந்தது. வேலை முடிந்ததும் தட்டில் ஒன்றையும் விட்டுவைக்காமல் கூட்டிவிடுவது எந்த மெழுகையும்விட முக்கியம் என்பது என் எண்ணம். சிலிக்கோன் கலந்த ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம். அது பலகைக்கு மாறி, வார்னிஷ் பூசும்போது மீன்கண் போல வட்ட வட்டமாக விலகும்.

அக்கரைப்பற்று மரவேலைத்தளம் | பெப்ரவரி 7, இரவு 8.30

ஐயா, ஒயில் விடயத்தில் என் பிழையை ஒத்துக்கொள்கிறேன். இன்று ஒரு பழைய உளியில் ஒயிலை வழித்துப் பார்த்தேன், அடியில் நீங்கள் சொன்ன குழிகள் இருக்கின்றன. இவ்வளவு காலமும் அவற்றை அந்த உளியின் பிறவிக் குணம் என்று நினைத்திருந்தேன். சரி, கழுவி எண்ணெய் பூசியாகிவிட்டது, வைப்பது எங்கே? எங்கள் பக்கத்தில் கற்பூரக் கட்டியை ஆயுதப் பெட்டியில் போடுவார்கள். என் மகன் அரிசிப் பொட்டலம் கட்டிப் போட வேண்டும் என்கிறான்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர் | பெப்ரவரி 8, காலை 5.50

நம் வீட்டு அரிசி ஏற்கெனவே இதே காற்றில் இருந்து ஈரம் குடித்துத்தான் இருக்கிறது. அது புதிதாக என்னத்தைக் குடிக்கும்? அதைச் சோற்றுக்கே விடுங்கள். கற்பூரத்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பிப் பெட்டியைத் திறந்துவைக்க வேண்டாம். சிலிக்கா ஜெல் நல்லது, இறுக்கமாக மூடும் பெட்டிக்குள் மட்டும். நீலம் இளஞ்சிவப்பானதும் 120 பாகை அளவில் சூடாக்கி மீண்டும் உலர்த்த வேண்டும்.

பட்டறைக்கு என் பரிந்துரை மலிவானது. கதவு உள்ள ஓர் அலுமாரி, அதன் அடித்தட்டில் பழைய இழை வகை 40 வாட் மின்குமிழ் ஒன்று, அதைச் சுற்றிக் கம்பிவலை. 30 பாகையில் 85 சதவீத ஈரப்பதன் உள்ள காற்றை 35 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரையும் அகற்றாமலே அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சோடியம் குளோரைட்டு கரையத் தொடங்கும் எல்லைக்கு அது கீழே என்பதைக் கவனியுங்கள். எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சந்தான் தரும், அந்தச் சூட்டைத் தராது. மரத்தூளும் துணியும் அதன் பக்கத்தில் இருக்கவே கூடாது.

இன்னொன்று, பட்டறையின் யன்னலை விடிந்ததும் திறப்பது நம் வழக்கம். இரவில் குளிர்ந்த வார்ப்பிரும்பு அப்போது குளிராகவே இருக்கும், வாவிப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று அதில் பட்டதும் தட்டு வியர்க்கும். விரலால் கோடு கீறிப் பாருங்கள், நீர் தெரியும். வெயில் ஏறி இரும்பும் சூடான பிறகு திறந்தால் போதும். உலர்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கல்லடித் தச்சன் | மார்ச் 9, இரவு 8.20

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். மோட்டார் தப்பியது, ஒரு பெயரிங் மட்டும் மாற்றினோம். பதினாறு உளிகளில் பதின்மூன்று சித்திரிக்கமிலத்தில் நன்றாக வந்துவிட்டன. மூன்றின் பின்பக்கத்தில், சரியாகக் கூர் வரும் இடத்தில், குழிகள் இருப்பதால் அவற்றைக் குழி தாண்டும்வரை அரைத்துக் குட்டையாக்க வேண்டும். தகப்பனாரின் பெரிய சீவுளியின் அலகு குழி விழாமல் தப்பியதில்தான் எனக்கு நிம்மதி.

கழுவினால்தான் சரி என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. ஒரே இரும்புப் பட்டியில் இருந்து ஆறு துண்டு வெட்டி, எல்லாவற்றையும் எமரித் தாளால் மினுக்கி, மூன்று நாள் கடற்கரைப் பக்க யன்னலில் வெறுமனே தொங்கவிட்டேன். பிறகு மூன்றை மழைநீரில் கழுவிச் சூடாக்கினேன், மூன்றை உலர்ந்த துணியால் துடைத்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய், ஒன்றுக்குத் தையல் மெசின் எண்ணெய், ஒன்றுக்குத் தேன்மெழுகு பூசி மீண்டும் அதே யன்னலில் கட்டினேன். மூன்று கிழமை முடிந்தபோது துடைத்தவை மூன்றிலும் கறள் இருந்தது, மெழுகு பூசியதிலும் மெழுகுக்கு அடியில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிந்தது. கழுவியவற்றில் மெழுகுத் துண்டு வெட்டிய அன்று போலவே இருக்கிறது. தையல் மெசின் எண்ணெய்த் துண்டின் ஒரு மூலை மட்டும் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய்த் துண்டில் கறள் இல்லை, ஆனால் தூசு ஒட்டிப் பிசுபிசுக்கிறது.

அந்தச் சிவந்த மூலையை நான் கயிறு கட்டும்போது விரலால் பிடித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஐந்து துண்டுகளை அவிழ்த்துவிட்டேன். கழுவி மெழுகு பூசியதை மட்டும் கையுறை போட்டு மீண்டும் கட்டியிருக்கிறேன், கச்சான் தொடங்கும்போது பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

ஆரையம்பதி குடைவுளி | மார்ச் 9, இரவு 9.05

அண்ணன், அந்தத் தேன்மெழுகை எதில் இளக்கினீர்கள், டேபன்டைனிலா மண்ணெண்ணெயிலா? அளவையும் எழுதுங்கள்.

கல்லடித் தச்சன் | மார்ச் 9, இரவு 9.30

டேபன்டைனில், தங்கச்சி. மெழுகு ஒரு பங்கு, டேபன்டைன் மூன்று பங்கு. நெருப்பில் நேரே வைக்காமல், சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் தகரப் பேணியை இறக்கி, வெளியே வைத்து இளக்கினேன்.